குரல் ஏதும் கேக்குதோ என்று ரஜனியிடம் கேட்டார்கள்

1

டென்மார்க்கில் ஒரு சலவை ஆலை முழுவதும் என் தங்கை ரஜனி செத்துப்போனதாக நம்பியது. அந்த நேரம் அவள் இலங்கையில், விசுவமடுவில் எங்கள் அண்ணன் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தாள்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கின் மேற்குக் கரையோரம் ஒரு சின்னப் பட்டணம். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளின் கட்டில் விரிப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்பும் ஆலையில் எனக்கு வேலை. ஊரில் ரஜனியை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நாள் குறித்திருந்தார்கள். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. அவள் கையால் கதைப்பதை ஆலோசகருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான், வீடியோ வழியாக. அதற்கு ஒரு மணித்தியாலம் விடும்படி கேட்க மேற்பார்வையாளர் பிர்கிட்டெயிடம் போனேன்.

டேனிஷ் மொழியில் காது கேளாதவரை ‘டோவ்’ என்பார்கள். செத்தவரை ‘டோத்’ என்பது மாதிரி ஏதோ சொல்வார்கள். ‘மாதிரி’ என்று நான் இழுப்பதற்குக் காரணம், அந்தக் கடைசி எழுத்தை இவர்கள் வெளியே விடாமல் விழுங்கிவிடுவதுதான். இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அந்த விழுங்கல் பிடிபடவில்லை. “என் தங்கை டோவ், ஊர் ஆஸ்பத்திரியோடு அவசரமாகக் கதைக்க வேண்டும்” என்று சொன்னேன். பிர்கிட்டெ எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். இந்த நாட்டில் காது கேளாதவர்கள் மேல் இவ்வளவு அன்பா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் என் அலுமாரிக்கு முன்னால் வெள்ளைப் பூக்கள். கூடவே எல்லாரும் கையெழுத்து வைத்த ஓர் அட்டை. சம்பளத்தோடு லீவு என்றார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிர்கிட்டெயிடம் ஓடிப்போய், “அவள் டோத் இல்லை, டோவ்” என்றேன். என் வாயில் அது, ‘அவள் சாகவில்லை, செத்துவிட்டாள்’ என்று வந்திருக்கவேண்டும். பிர்கிட்டெ என் கையைத் தடவி, முதல் நாட்களில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நமக்காக அழுதுகொண்டிருக்கிற ஒருவரிடம் பேனை கேட்க மனம் வரவில்லை.

பூக்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மகள் மீரா பார்த்துவிட்டு, “ஆர் செத்தது?” என்று கேட்டாள்.

“சித்தி.”

“இப்பதானே சித்தியோட கதைச்சனான். பூனை காட்டினவா.”

மீராவைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவளுடைய தமிழ் நாலு வசனத்துக்கு மேல் போகாது. ஊரிலிருந்து மாமாவோ மாமியோ எடுத்தால் “நான் நல்ல சுகம்” என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் தள்ளிவிடுவாள். ரஜனியோடு மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கையால் கதைப்பாள். எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவரோடுதான் அவள் சரளம். அந்த ஒருவருக்குக் காது கேட்காது.

2

ரஜனி பள்ளிக்கூடம் போகவில்லை. போகிற வயதில் போரால் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தோம். அவளுடைய கைப்பாஷையை அம்மாவும் அவளும் நானுமாக வீட்டிலேயே உண்டாக்கினோம். மீசையை முறுக்கினால் அண்ணன். அண்ணன் மீசையை மழித்துப் பல காலம். இன்னமும் அவர் மீசைதான். கன்னத்து மச்சத்தைத் தொட்டால் நான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக் குனிந்தால், ஷெல் குண்டு. தனக்குக் கேட்காத ஒன்றுக்கு நாங்கள் காதைப் பொத்துவதைப் பார்த்து அவளே வைத்த பெயர் அது.

அவள் நல்ல தையல்காரி. ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை அவள் தைத்தது. போன வருடம் அம்மா காலமான பிறகு மெஷினை மூடிவிட்டாள். சாப்பாடு குறைந்தது. நித்திரை இல்லை. அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை, ஒரு பின்னேரம், கிணற்றுக்கட்டில் காலை உள்ளே தொங்கப் போட்டபடி இருந்தாளாம். அண்ணன் போய்த் தோளைப் பிடித்து இறக்கினார். ஏன் இருந்தாய் என்று கேட்க அவருக்குக் கை தெரியாது. சாப்பிடு, வா, மழை, சைக்கிள் எங்கே: அண்ணனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குப் போன் எடுத்து, “நீ கேள் அவளை” என்றார். கேட்டேன். “சும்மா. காத்து வாங்கினனான்” என்று கைகாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடியோவில் ஒருவர் முகத்தைத் திருப்பினால், கையால் கதைக்கிறவர்களுக்கு அதற்குமேல் ஒரு வழியும் இல்லை.

3

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். வன்னிக்குள் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை.

முதல் தரம் அண்ணன் தனியாகக் கூட்டிப்போனார். நம்பர் துண்டு எடுத்து, ரஜனியை வெளியே நீள வாங்கில் இருத்திவிட்டு, சனத்தைப் பார்த்து இப்போதைக்கு முடியாது என்று நினைத்துத் தேத்தண்ணி குடிக்கப் போனார். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரஜனி கதவைப் பார்த்தபடி நிமிர்ந்து இருந்திருக்கிறாள். அண்ணன் வரும்போது கிளினிக் முடிந்து நிலம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அட்டையில் ‘சமுகமளிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது.

“மிஸ், இவ காலமை தொடக்கம் இதிலைதானே இருந்தவ” என்றார் அண்ணன் தாதியிடம்.

“கூப்பிட்டனாங்கள் அண்ணை. கூப்பிட்டா வரோணும்.”

“இவவுக்குக் காது கேக்காது மிஸ்.”

“அப்ப அதை இவ முதலே வந்து எங்களிட்டைச் சொல்லியிருக்கோணும்.”

அடுத்த திகதியைப் போனில் உறுதிப்படுத்தச் சொன்னார்கள். அண்ணன் எடுத்தார். வருகிறவருக்குச் சம்மதமா என்று அவருடைய வாயாலேயே கேட்கவேண்டும், அதுதான் முறை என்றார்கள். அண்ணன் போனை ரஜனியிடம் கொடுத்தார். அவள் அதை முகத்துக்கு நேரே பிடித்து, யாராவது தோன்றுவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் தோன்றவில்லை. பழுது என்று கைகாட்டித் திருப்பிக் கொடுத்தாள். “ஆள் ஒண்டும் சொல்லேல்லை. விருப்பமில்லைப்போலை” என்றது அந்தப் பக்கம்.

அண்ணன் மெல்லிய மனிதர், சண்டைக்குப் போகமாட்டார். அன்றைக்குப் போய்க் கதைத்திருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கு இங்கே எல்லா வசதியும் இருக்கிறது என்று ஓர் அலுவலர் அவரை வாசலுக்குக் கூட்டிவந்து, சக்கர நாற்காலிக்குக் கட்டிய சாய்தளத்தைக் காட்டினாராம். உண்மையில் நல்ல சாய்தளம், கைபிடியும் இருந்தது. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று விளங்காமல், ரஜனி மரியாதைக்கு அதில் ஒருதரம் ஏறி இறங்கினாள்.

கடைசியில், அக்கா வீடியோவில் வந்து சொல்லட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குத்தான் நான் லீவு கேட்கப்போய்த் தங்கையைச் சாகடித்தேன்.

4

பூ வந்த மறுநாள் அந்தச் சந்திப்பு. எனக்கு லீவு தந்திருந்தார்கள். ஆனாலும் வீட்டு இணையம் நம்பமுடியாதது. ஆலைக்கே போய், மடித்த விரிப்புகள் அடுக்கிய அறையில் நின்று போனை எடுத்தேன். லீவிலும் வேலைக்கு வருகிறாள், பாவம், என்று எட்டிப் பார்த்தவர்கள் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்கள்.

ஆலோசகர் நிலானி என்று ஓர் இளம்பெண். அண்ணன் போனைப் பிடித்திருந்தார். நிலானி பழக்கதோஷத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் போனை வாங்கிக் காதில் வைப்பார். எனக்கு அவருடைய தோடு மட்டும் தெரியும். பிறகு “ஐயோ, சொறி அக்கா” என்று திருப்பிப் பிடிப்பார். அவரிடம் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்விகள் இருந்தன. வரிசையாகக் கேட்டார்.

“ஆருமில்லாத நேரம் காதுக்குள்ளை குரல் ஏதும் கேக்குதோ எண்டு கேளுங்கோ அக்கா.”

“பிள்ளை, அவளுக்குக் காது கேக்காது.”

“தெரியும் அக்கா. ஆனா இதைக் கேளாமல் விடேலாது.”

ஷெல்லைக் காட்டுகிறமாதிரிக் காதைத் தொட்டு, வாயைத் தொட்டு, ஒருவரும் இல்லை என்று விரித்து, நான் கேட்டேன். ரஜனி என்னைப் பார்த்தாள். நிலானியைப் பார்த்தாள். திரும்ப ஒருதரம் கேட்கச் சொன்னாள். கேட்டேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“என்னவாம்?” என்றார் நிலானி.

“ஆக்கள் இருக்கேக்கையே தனக்குக் கேக்காதாம். ஆக்கள் இல்லாமல் கேட்டா உங்களுக்குக் கட்டாயம் வந்து சொல்லுவாளாம்.”

நிலானியும் சிரித்துவிட்டார். பிறகு ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். ரஜனி போனைப் பிடித்திருந்த அண்ணனை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கைகாட்டினாள்.

“கறியிலை உப்புக் காணாதாம்” என்று நான் மொழிபெயர்த்தேன். நிலானி அதைக் குறித்துக்கொண்டார்.

நிலானி நல்ல பிள்ளை. அவருக்கு விளங்கியது. “அண்ணை, நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ” என்றார். அண்ணன் போனதும் போனைப் பிடிக்க ஆளில்லை. தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தார்கள். அது சறுக்கி மல்லாந்து விழுந்தது. கொஞ்ச நேரம் நான் முகட்டில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டிருந்தேன். திரும்ப நிமிர்த்தினார்கள்.

“இப்ப ஒருத்தருமில்லை. மனசிலை என்ன கிடக்குதெண்டு சொல்லச் சொல்லுங்கோ” என்றார் நிலானி.

ரஜனி நேரே என்னைப் பார்த்தாள். கன்னத்து மச்ச இடத்தைத் தொட்டாள். கையை வெளியே நீட்டினாள்.

“என்ன அக்கா சொல்லுறா?”

“நானும் வெளியிலை போகோணுமாம்.”

“நீங்கள் போனா எனக்கு ஆர் சொல்லுறது?”

அதை நான் ரஜனிக்குச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள். அது உங்கள் பாடு என்று அர்த்தம். அதற்கு மேல் கையை மடியில் வைத்துவிட்டாள். பிறகு நேரம் முடிந்தது.

5

என்னுடைய மனநலச் சிகிச்சை அந்தக் கிழமையே நடந்தது. ஆலையின் காப்புறுதியில் துக்கப்பட்டவர்களுக்கு ஓர் உளவியலாளர் இருக்கிறாராம். பிர்கிட்டெ எனக்காக நேரம் எடுத்துவிட்டார். போகாவிட்டால் அவர் மனம் நோகும். போனேன். என் டேனிஷ் மொழியை நினைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் ஒழுங்குசெய்திருந்தார்கள். அவர் வேறொரு நகரத்திலிருந்து திரையில் வந்தார்.

“வணக்கம் அக்கா. நீங்கள் சொல்லுறதுகள் எல்லாம் இந்த அறையோடை நிக்கும். உங்கடை தங்கச்சியின்ரை மறைவுக்கு என்ரை அனுதாபம். இது நான் சொல்லுறது, உளவியலாளர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.”

“தம்பி, அவள் சாகேல்லை. அவளுக்குக் காது கேக்காது. அதைத்தான் நான் டோவ் எண்டு சொன்னனான்.”

அவர் டேனிஷில் நீளமாகச் சொன்னார். உளவியலாளர் வயதான பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நேரம் எடுத்தது எடுத்ததுதான், தங்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். கிணறு, வாங்கு, சாய்தளம், உப்பு எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒன்று உறைத்தது. எனக்கு வருத்தம், நோய் ஒன்றுமே இல்லை. ஒரே கிழமையில் எனக்கு மெத்தென்ற கதிரை, தண்ணீர்க் கிளாஸ், என் பாஷை தெரிந்த ஒரு தம்பி. ரஜனி இதில் ஒன்றுக்காகத்தான் மாதக்கணக்கில் பஸ் ஏறி இறங்குகிறாள்.

உளவியலாளர் ஏதோ கேட்டார். தம்பி உடனே மொழிபெயர்க்கவில்லை.

“அக்கா, இது அவாவின்ரை கேள்வி, என்ரை கேள்வி இல்லை. உங்கடை தங்கச்சிக்கு உங்களைப் பற்றி ஒரு குறை சொல்லோணுமெண்டா, ஆரிட்டைச் சொல்லுவா?”

எனக்குக் கோபம் வந்தது. என்னில் என்ன குறை என்று கேட்கத்தான் வாய் உன்னியது. கேட்கவில்லை. அவள் என்ன சொன்னாலும் என் வாய்வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அண்ணனைப் பற்றிச் சொன்னாலும் அப்படித்தான். கிணற்றைப் பற்றிச் சொன்னாலும் அப்படித்தான்.

திங்கட்கிழமை பிர்கிட்டெயிடம் உண்மையைச் சொன்னேன். இந்தமுறை எழுதிக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு இன்னொருதரம் கட்டிப்பிடித்தார். எடுத்த லீவை என்ன கணக்கில் போடுவது என்று அலுவலகத்தில் பல நாள் தலையைச் சொறிந்தார்கள். உயிரோடு இருக்கும் உறவினருக்கான துக்க லீவு என்று ஒன்று இந்த நாட்டுக் கணினியில் இல்லை.

6

வழி கிடைத்தது மீராவால். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, “சித்திக்கு ஒரு கூட்டாளி இருக்கு. அவ எழுதுவா” என்றாள்.

“ஆர் கூட்டாளி?”

“சல்மா. செட்டிகுளம். அவவும் டோவ்.”

எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. வவுனியாவில் நடந்த ஒரு தையல் பயிற்சியில் சந்தித்தார்களாம். சல்மா காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் படித்தவர், சைகைமொழியும் தெரியும், தமிழ் எழுதவும் வாசிக்கவும் தெரியும். கணவரோடு செட்டிகுளத்தில் துணிக்கடை. ரஜனியின் வீட்டுப் பாஷையை அவர் பழகி, தன் பாஷையை ரஜனிக்குப் பழக்கி, இரண்டு பேரும் நாள் தவறாமல் வீடியோவில் கதைக்கிறார்கள். இதெல்லாம் மீராவுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கேக்கேல்லை” என்றாள்.

நிலானிக்குச் சொன்னேன். அவர் எழுதிக் கொடுப்பார், சல்மா வாசித்து ரஜனிக்குக் கைகாட்டுவார், ரஜனி சொல்வதைச் சல்மா எழுதிக் கொடுப்பார். அண்ணனும் வேண்டாம், நானும் வேண்டாம். நிலானிக்குச் சந்தோஷம். ஆனால் மேலே கேட்டபோது, மொழிபெயர்ப்பாளர் என்றால் காது கேட்கிறவராக இருக்கவேண்டும் என்றார்கள். உறவினராகக் கூட்டிவரலாமே என்று நிலானி கேட்டார். விசுவமடு ரஜனிக்கும் செட்டிகுளம் சல்மாவுக்கும் என்ன உறவு என்று கேட்டார்கள். மூன்றாம் ஆள் ஒருவர் கிளினிக் அறைக்குள் இருக்க ஒரே வழி, அவரும் நோயாளியாக இருப்பதுதான்.

நிலானி யோசித்தார். சல்மாவுக்கும் ஓர் அட்டை போட்டுவிட்டார். இரண்டு பேரையும் சேர்த்துக் குழு ஆலோசனை என்று பதிந்தார். என்ன வருத்தம், என்ன நோய் என்று ஓர் இடம் நிரப்ப இருந்தது. எதைப் போடலாம் என்று நிலானி எழுதிக் கேட்டார். சல்மா யோசிக்காமல் எழுதினார்: “கோபம்.”

மேலே இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கோபத்துக்கு அட்டை உண்டு போலும்.

அன்றிலிருந்து நிலானி பெயரைக் கூப்பிடுவதில்லை. எழுந்து வெளியே வந்து தோளில் தொடுகிறார். வாங்கில் இருக்கிற மற்றவர்கள், தங்களையும் ஏன் அப்படித் தொட்டுக் கூப்பிடுவதில்லை என்று முறைப்பட்டார்களாம். இப்போது எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார், அதனால் கிளினிக் முடியக் கொஞ்சம் பிந்துகிறது என்று அண்ணன் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அவர் வெளியே சல்மாவின் கணவரோடு தேத்தண்ணி குடித்துச் சிநேகிதமாகிவிட்டார்.

உள்ளே ரஜனி என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நிலானியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். “அது சொல்லேலாது அக்கா, குறை நினையாதேங்கோ” என்றார். மீராவிடம் கேட்டேன். அவளும் தெரியாது என்றாள். முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும் போலத்தான் இருந்தது.

7

சில மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரஜனியே வீடியோவில் எடுத்தாள். பக்கத்தில் அண்ணனை இருத்தி வைத்திருந்தாள். அண்ணன், வாத்தியார் கூப்பிட்டுவிட்ட பிள்ளைமாதிரி முழங்காலில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

ரஜனி கேட்டாள்: “அம்மா கடைசியாக என்ன சொன்னவா?”

அம்மாவோடு வார்டில் நின்றது அண்ணன். ஒருவர்தான் நிற்கலாம், அவரும் மிஸ்மார் சொல்வதைக் கேட்கக்கூடியவராக இருக்கவேண்டும் என்று ரஜனியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா விடிய முதல் ஒரு வசனம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அண்ணன் அதை எனக்குப் போனில் சொன்னார். கனடாவில் மாமாவுக்குச் சொன்னார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டு அழுதார்கள், சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். அம்மாவோடு ஒரே பாயில் படுத்த ரஜனி, அந்த வாய்களை எல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் சொல்லக் கையைத் தூக்கினேன். ரஜனி உள்ளங்கையை எனக்கு நேரே நிறுத்தினாள்.

“நீ அங்கை நிண்டனீயோ?”

நான் நிற்கவில்லை.

மீசையை முறுக்கி அண்ணனைக் காட்டினாள். அண்ணன் என்னைப் பார்த்தார். “எனக்கு இதுகள் வராது, நீ சொல்லன்” என்றார்.

“நீங்கள் சொல்லுங்கோ அண்ணை” என்றேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்கே பட்டிருக்கவேண்டும். கையைத் தூக்கினார். அம்மா என்பதற்குப் பொட்டு வைத்தார், அது சரி. பிறகு அடுப்பு ஊதினார். பிறகு காற்றில் ஒரு சதுரம் கீறி அதைச் சாத்தினார். பிறகு தலையில் இரண்டு விரலை நீட்டினார்.

ரஜனி முகம் சுளித்தாள். அது மாடு.

அண்ணன் விரலை வளைத்தார். அது ஆடு. வாயைத் திறந்து ‘மியாவ்’ என்றார். சொல்லிவிட்டுத் தானே தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, அறுபதை நெருங்கிய மனிதர், முதுகை வளைத்துப் பூனைமாதிரி ஓரடி நடந்து காட்டினார்.

ரஜனி அவருடைய கையைப் பிடித்து நிமிர்த்தினாள். அவருடைய விரல்களை எடுத்து, அவருடைய கன்னத்தில் மீசை மயிர்போல இழுத்துவிட்டாள். பூனை. அண்ணன் தானாக ஒருதரம் செய்தார். அவள் தலையாட்டினாள். முதலில் இருந்து சொல்லச் சொன்னாள்.

அண்ணன் சொன்னார். அம்மா. குசினி. யன்னல். சாத்து. பூனை வரும்.

அவ்வளவுதான் அம்மா சொன்னது. ஒவ்வொரு இரவும் அந்த யன்னலைச் சாத்துவது ரஜனியின் வேலை. வீட்டில் வேறு ஒருவரும் அதைத் தொடுவதில்லை. எல்லாருக்கும் சொல்லிப் பரப்பிய அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று எங்கள் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

ரஜனி எழுந்து போனாள். அங்கே பட்டப்பகல், நல்ல வெயில். குசினி யன்னல் இரண்டு கதவும் அடிபட்டு மூடிய சத்தம் எனக்குப் போனில் கேட்டது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் வந்து பழையபடி அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அவளுக்கு அது கேட்காது. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.